பாடுகிறவனும் பிடிக்கிறவனும்

கபடிப் பந்தயம் பார்க்கப் போகிற ஜனங்களில் பெரும்பாலோர் பாடிப் போகிறவனைப் பார்ப்பதற்கென்றே போகிறார்கள். அவன் நடுக்கோட்டைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு எதிர்க் கட்சியின் களத்துக்குள் காலை வைத்ததும் சீட்டியொலி வானைப் பிளக்கிறது. ஒருவனைத் தொட்டுவிட்டு ஓடி வந்துவிட்டானானால், அவனைத் தோளில் தூக்கிக் கொள்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. அவனைப் பிடிப்பதற்காக மறுபுறத்தில் கைகோத்து நின்ற ஏழு பேருடைய படம் வருகிறதா? வருவதில்லை. வந்தாலும், அவர்களுடைய முதுகு மட்டுந்தான் தெரிகிறது.

"நீர் சரித்திர வாத்தியார் ஆயிற்றே, உமக்கும் கபடிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமது பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் பதவி சில காலம் காலியாக இருந்தது. ஒருநாள் தலைமை ஆசிரியர் ஆசிரியர்களின் அறைக்குள் நுழைந்து, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கணக்கு ஆசிரியர் சாக்பீஸ் எடுத்து வருவதற்குப் புறப்பட்டுவிட்டார். விஞ்ஞான ஆசிரியருக்கு அந்த நிமிஷத்தில் முழங்கால் வலி வந்துவிட்டது. நாம் அச்சமயம் டீ குடித்துக்கொண்டிருந்தபடியால், எழுந்து போக வழியின்றி அகப்பட்டுக் கொண்டோம். அன்று முதல் குறுவட்டப் போட்டிகளுக்குப் பையன்களை அழைத்துப் போகிற கைங்கரியம் நம்முடையதாயிற்று. இப்போது உடற்பயிற்சி ஆசிரியர் வந்துவிட்டார். ஆனால் களத்தோரத்து வேப்ப மரத்தடியை விட்டு நகர நமக்கு மனம் வரவில்லை.

நமது சிறு பிராயத்தில் எங்கள் தஞ்சை ஜில்லாக் கிராமங்களில் இதற்குச் சடுகுடு என்றுதான் பெயர். மூச்சு உள்ளவரையில் பாடலாம். மூச்சை விட்டால் ஆள் போச்சு. இப்போது ஒரு பாட்டுக்கு 30 வினாடி என்று கணக்கு வைத்துவிட்டார்கள். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கட்சிக்கு ஏழு பேர். மண் போய் விரிப்பு வந்துவிட்டது. வேஷ்டியை இழுத்துக் கட்டிய காலம் போய்க் கால்சட்டையும் பாதரட்சையும் வந்துவிட்டன. ஆயினும் ஆட்டத்தின் உயிர் அப்படியேதான் இருக்கிறது. ஒருவன் வருவான்; ஏழு பேர் காத்திருப்பார்கள்.

ஒருவன் தன்னந்தனியே ஏழு பேரை எதிர்க்கப் போகிறான் என்று பார்க்கும்போது, தைரியமெல்லாம் அவன் பக்கத்திலேயே குவிந்திருப்பதாகத் தோன்றுகிறது. ஏழு பேருக்கு மத்தியில் நின்று பார்த்தால் சங்கதி வேறு. எப்போது தொடுவது, யாரைத் தொடுவது, கையாலா காலாலா என்று தீர்மானிக்கிற உரிமை பாடுகிறவனுடையது. பிடிக்கிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. மற்றொருவனுடைய தீர்மானம் எதுவென்று அவனுடைய இடுப்பையும் முழங்காலையும் பார்த்தே அவன் ஊகிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பாய்ந்தால் கால் நழுவிப் போகும். தொட்டதாகக் கணக்காகி இவனே வெளியேற வேண்டும். தயங்கினாலோ வந்தவன் நடுக்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான். இன்னும் ஒரு சங்கடம் உண்டு. கார்னரில் நிற்கிறவன் கணுக்காலைப் பிடித்துவிட்டால் மட்டும் போதாது. கவரில் நிற்கிறவன் அதே கணத்தில் வந்து அமுக்கியாக வேண்டும். இல்லாவிட்டால், பிடித்தவனையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு அந்த மகாவீரன் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான். பாடுவதை ஒருவன் தனியாக ஆற்றங்கரை மணலில் பழகிக்கொள்ளலாம். பிடிப்பதைத் தனியாகப் பழக முடியாது.

இந்த ஆட்டத்தில் நமக்கு மிகவும் பிரியமான விதி ஒன்று இருக்கிறது. பாடிப் போன இடத்தில் அகப்பட்டுக்கொண்டவன் வெளியே போய் உட்கார வேண்டும் அல்லவா? அவன் எவ்வளவு கியாதி பெற்ற ஆசாமியாக இருந்தாலும் சரி, தானாக உள்ளே வர முடியாது. எதிர்க் கட்சியில் ஓர் ஆள் வெளியேற வேண்டும். அப்போதுதான் இவனுக்கு உயிர் வரும். கூட்டாளிகளில் ஒருவன் பாடிப் போய்த் தொட்டு வந்தாலும் வரும்; பின்னால் நிற்கிறவர்கள் பிடி போட்டாலும் வரும். ஆனால் பாடுவதற்குச் சமர்த்தன் வெளியே உட்கார்ந்திருக்கிற வேளையில் தொட்டு வருவதற்கு யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் பிடிதான் அவனை மீட்க வேண்டியிருக்கிறது. அவன் பலகையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிடிக்கிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நாம் வேப்ப மரத்தடியில் நின்றிருக்கிறோம்.

விதி எழுதினவர்கள் பிடிக்கிறவனை முற்றிலும் மறந்துவிடவில்லை. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது வந்தவனைப் பிடித்துவிட்டால், ஒரு புள்ளிக்கு இரண்டு புள்ளி. ஆள் குறையக் குறையக் காப்பதற்கு மதிப்பு ஏறுகிறது. இது குடும்பஸ்தர்களுக்கு விளங்கும்.

வேடிக்கை என்னவென்றால், எது தாக்குதல், எது தற்காப்பு என்று அறுதியிட்டுச் சொல்லவும் முடியாமற் போகிறது. முன்னணியில் இருக்கிற கட்சி பொழுதைப் போக்குவதற்கென்றே ஓர் ஆளை அனுப்பும். அவனும் போவான், அங்குமிங்கும் கையை வீசுவான், யாரையும் தொடாமல் திரும்பி வந்துவிடுவான். பார்வைக்குத் தாக்குதல், உண்மையில் தற்காப்பு. இந்தத் தந்திரத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் புரோ கபடி ஆட்டங்களில், இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் பாடினவன் வெளியே, என்று விதி செய்தார்கள். மறுபக்கத்தில், வந்தவன் ஆயத்தமாவதற்கு முன்பே பாய்ந்து தூக்கிவிடுகிற கார்னர்க்காரன் செய்வதைத் தற்காப்பு என்று எப்படிச் சொல்வது?

ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1990-ஆம் வருஷம் கபடி சேர்ந்தது. அது முதல் 2014 வரையில் நடந்த ஏழு போட்டிகளிலும் ஆடவர் தங்கப் பதக்கம் இந்தியாவுக்கே. தோற்பது என்றால் என்னவென்று நம்மவர்களுக்கு மறந்தே போயிருந்தது. 2018-இல் ஜகார்த்தாவில், அரை இறுதியில், ஈரான் 27-க்கு 18 என்ற கணக்கில் நம்மைத் தோற்கடித்தது. பாடுவதற்குப் பேர்போன நம் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக அன்று ஈரானியர் கையில் அகப்பட்டார்கள். 2023-இல் ஹாங்சோவில் 33-க்கு 29 என்று ஈரானையே வென்று பதக்கத்தை மீட்டோம். இதற்கிடையில் சந்தையும் விழித்துக்கொண்டது. புரோ கபடி ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடி ரூபாய்க்குப் போனவர் யார் தெரியுமா? பாடுகிறவர் அல்ல. 2018-இல் விலைபோன ஈரானியர் ஃபசல் அத்ராச்சலி. இடது கார்னரில் நின்று பிடிக்கிறவர். (அதே ஏலத்தில் பாடுகிறவர்கள் சிலர் அவரையும் மிஞ்சிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம், உலகம் ஒரே நாளில் மாறிவிடுமா?) நமது தஞ்சை ஜில்லாவின் தர்மராஜ் சேரலாதனும் கார்னர்க்காரர்தான். அவர் தலைமையில்தான் 2016-இல் பாட்னா அணி கோப்பை வாங்கிற்று. நாற்பது வயதுக்கு அப்பாலும் அவர் களத்தில் நின்றார். நமக்கு நாற்பதுக்கு அப்பால் மாடிப்படி ஏறுவதே ஒரு பாட்டாக இருக்கிறது.

"தாக்குவதுதான் தக்க தற்காப்பு" என்று ஒரு வசனம் உலவுகிறது. அதைச் சொல்கிறவர்கள் 2001 மார்ச்சு மாதம் கல்கத்தாவில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தை மறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியர் அப்போது தொடர்ந்து 16 டெஸ்டுகளில் வென்று வந்தவர்கள். 445 ரன் எடுத்து, நம்மை 171-க்குச் சுருட்டி, 'மறுபடியும் நீங்களே ஆடுங்கள்' என்று உடனே பணித்தார்கள். தாக்குகிறவனுக்கு இதைவிட நல்ல தருணம் வேறு ஏது? நான்காம் நாள் முழுவதும் லக்ஷ்மணனும் திராவிடும் ஆட்டமிழக்காமல் நின்றார்கள். நின்றார்கள் என்றால் கட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கவில்லை. அன்று ஒரு நாளில் 335 ரன். லக்ஷ்மணன் 281, திராவிட் 180. பந்து போட்டவர்களின் தோள் தளர்ந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்திரேலியர் 212-க்குள் அடங்கி, 171 ரன்னில் தோற்றார்கள். அந்த இருவர் செய்தது தாக்குதலா, தற்காப்பா என்று நமது வகுப்பில் கேட்டோம். ஒரு பையன் எழுந்து, "இருந்தாங்க சார்" என்றான். நமக்கு அந்தப் பதில் பிடித்தது.

ஆசிரியர்களின் அறையில் பங்குச் சந்தை வீரர் ஒருவர் இருக்கிறார். சம்பளம் வந்த மறுநாள் கைபேசியும் கையுமாக 'ஆப்ஷன்' களத்தில் இறங்கிவிடுவார். செபி நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அதற்கு முந்தின மூன்று நிதியாண்டுகளில் இவ்வகை வியாபாரத்தில் இறங்கிய தனி மனிதர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டதாகக் கண்டிருக்கிறது. அதை அவரிடம் பிரஸ்தாபித்தோம். "மிச்சம் ஏழு பேர் இருக்கிறார்களே!" என்றார். கபடியிலும் ஏழு பேர்தான். ஆனால் அந்த ஏழு வேறு.

நிற்க. நாம் சொல்ல வந்தது நமது பள்ளிக்கூடத்து இடது கார்னர்க்காரனைப் பற்றி.

பன்னிரண்டாம் வகுப்புப் பையன். பேச்சு அதிகம் கிடையாது. நான்கு வருஷங்களுக்கு முன் தகப்பனார் காலமானார். தாயாருக்கு முழங்கால் மூட்டு வலி. ஐந்து வயது மூத்த தமக்கை பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பூருக்குப் போய், ஒரு பின்னலாடைக் கம்பெனியில் தையல் வேலை செய்து மாதந்தோறும் பணம் அனுப்பி வந்தாள். ஊரில் அந்தப் பெண்ணுக்குத்தான் பெயர். "பொம்பிளைப் பிள்ளை துணிஞ்சு போயிருச்சு பாரு!" என்பார்கள். பையனைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. அவன் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து இரண்டு பசுக்களைக் கறந்து, பால் சங்கத்தில் ஊற்றி, தண்ணீர் காட்டி, தாயாருக்குக் கஞ்சி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருவான். முதல் மணி நம்முடையது. மணியடித்துப் பத்து நிமிஷம் கழித்து வாசலில் ஒரு நிழல் தெரியும். பாடத்தை நிறுத்தாமலே தலையை அசைப்போம், வந்து உட்கார்ந்துவிடுவான்.

2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவிகிதம் வரி போட்டது. திருப்பூரிலிருந்து வெளிநாடு போகும் துணிகளில் கணிசமான பங்கு அமெரிக்காவுக்குப் போவது. அந்தப் பெண் வேலை செய்த கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். செப்டம்பரில் அவள் பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தாள். வந்த வாரமே தாய்மாமன் ஒரு வரனோடு வந்து நின்றார். "வேலையும் போச்சு, வயசும் ஏறுது, இன்னும் என்ன யோசனை?" என்றார். வீட்டில் அடுப்பெரிய வழியில்லாமல் இருந்திருந்தால், அன்றே தாம்பூலம் மாற்றியிருப்பார்கள். ஆனால் பால் பணம் இருந்தது. கடன் ஒரு ரூபாய் இல்லை. பதினேழு வயதுப் பையன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா சொல்லட்டும் மாமா, அவசரம் ஒண்ணும் இல்லை" என்றானாம். மாமா காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண் நான்கு மாதம் வீட்டில் இருந்து, விசாரித்து, தை பிறந்ததும் முன்னைவிட நல்ல சம்பளத்தில் திருப்பூரிலேயே வேறொரு இடம் பார்த்துக்கொண்டாள்.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டால் தற்காப்புக்கு ஜே போட்டுவிட்டு நாமும் படுக்கப் போகலாம். அப்படிப் போக முடியவில்லை. காப்பதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்கிறவன் வாய் திறப்பதில்லை. முகம்மது அலி 1974-இல் கின்ஷாஸாவில், கயிற்றில் சாய்ந்துகொண்டு ஜார்ஜ் போர்மனின் குத்துகளைச் சுற்றுச் சுற்றாக வாங்கி, அவர் கை ஓய்ந்ததும் எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். உலகமே வியந்த தற்காப்பு அது. பத்து வருஷம் கழித்து அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர்கள் கண்டார்கள். வாழ்நாளெல்லாம் வாங்கிய அடிகளுக்கும் அதற்கும் எவ்வளவு சம்பந்தம் என்பது வைத்தியர்கள் விவாதிக்க வேண்டிய விஷயம். ஆனால் தாங்குகிறவனைப் பார்த்துக் கை தட்டும்போது, அவன் தாங்குகிறான் என்பதையே நாம் மறந்துபோகிறோம். நமது கார்னர்க்காரன் பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு பதினொன்றாம் வகுப்பில் குறைந்திருந்தது. விடியற்காலைத் தூக்கத்தின் விலை அது.

சென்ற ஆண்டு மாவட்டப் போட்டியில் அவன் போட்ட பிடிகளைப் பார்த்துவிட்டு, வெளியூர்க் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் நம்மிடம் வந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம் என்றார். பாடுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் கிடைக்கிறார்கள், இப்படிக் காத்திருக்கத் தெரிந்தவன் கிடைப்பதில்லை என்றும் சொன்னார். பையனிடம் சொன்னோம். தரையைப் பார்த்துக்கொண்டே, "யாராவது ஒருத்தர் வீட்டிலே நிக்கணும்ல சார்" என்றான். அதற்கு மேல் பேச்சில்லை.

உடற்பயிற்சி ஆசிரியர் நம்மிடம் சண்டைக்கு வந்தார். "நீங்கள் சொன்னால் கேட்பான், போகச் சொல்லுங்கள்" என்றார். நமது அபிப்பிராயம் வேறாக இருந்தது. ஒரு பையன் தாயாரை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்கிறபோது, 'துணிந்து இறங்கு' என்று சொல்வதற்கு வாத்தியாருக்கு என்ன யோக்கியதை? பசுவை நாமா கறக்கப் போகிறோம்? அதே சமயத்தில், 'இங்கேயே இரு' என்று சொல்லவும் நா எழவில்லை. ஊரில் இருந்தால் இன்னும் பத்து வருஷம் எல்லாரையும் மீட்டுக்கொண்டே இருப்பான்.

தமக்கை வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முந்தி, தாயாரையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வேப்ப மரத்தடியில் பெஞ்சி போட்டு உட்காரச் சொன்னோம். பையன் சற்று விலகி நின்றான்.

"சார், நான் திருப்பூர் போகலை. இங்கேயே மன்னார்குடியிலே தையல் கடையிலே சேந்துக்கறேன். அவன் போகட்டும்" என்றாள் பெண்.

"அதெல்லாம் வேண்டாம் சார். அவ போகட்டும். நான் இருக்கேன்" என்றான் பையன்.

"நீ சும்மா இருடா. நாலு மாசம் உன் சோத்தைத்தானே தின்னேன்."

இருவரும் நம் முகத்தைப் பார்த்தார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நாம்தான் போலும். எவ்வளவோ ராஜ்யங்களின் போர்களையும் சமாதானங்களையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம். இந்த இரண்டு பேருக்கு நடுவில் ஒரு வார்த்தை வரவில்லை.

அதுவரையில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த தாயார் வாயைத் திறந்தாள்.

"என்னை ஒருத்தரும் கேக்கலையே சார். ரெண்டு மாட்டிலே ஒண்ணை வித்துடலாம். கன்னு போட்டது இருக்கட்டும். அதை நான் பாத்துக்குவேன். சங்கத்து வண்டிக்காரத் தம்பி வாசல்லயே வந்து பாலை எடுத்துக்கறேன்னுச்சு. நான்தான் இவன் இருக்கானேன்னு வேண்டாம்னேன். முட்டி வலிக்குதுதான். நடக்காம போயிடலையே. ரெண்டு பேரும் போங்க."

நாமும், உடற்பயிற்சி ஆசிரியரும், அந்தப் பெண்ணும், பையனும் இத்தனை நாளாகக் களத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த அம்மாளை யாரும் எண்ணவே இல்லை.

பையன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மாட்டை விற்ற பணத்தில் பாதியைத் தாயார் பெயரில் தபாலாபீஸில் போட வேண்டும், மழைக்கு முன் கொட்டகையின் கூரையை மாற்ற வேண்டும், மாதம் ஒரு முறை தான் ஊருக்கு வந்து போக வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் போட்டான். நிதானமாக, ஒவ்வொன்றாக, வந்தவன் இடுப்பைப் பார்த்துக் காலைப் பிடிக்கிற மாதிரி. மூன்றும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. பொங்கல் கழித்துச் சந்தையில் மாடு விலை போயிற்று; கூரைக்குக் கீற்று வந்து இறங்கிவிட்டது. பெண் திருப்பூருக்கு ரயில் ஏறிவிட்டாள். தேர்வு முடிந்து கல்லூரி திறக்கிறபோது அவனும் புறப்படுவான்.

சென்ற வாரம் மாலை ஆட்டம் முடிந்து, விரிப்பைச் சுருட்டுகிற நேரத்தில், "என் இடத்திலே யார் சார் நிப்பாங்க?" என்று கேட்டான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைக் காட்டினோம். கால் பலமான பையன், பயம் கிடையாது. ஆனால் வருகிறவன் கோட்டைத் தாண்டுவதற்கு முன்னாலேயே பாய்ந்துவிடுகிறான். இவன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, சுருட்டின விரிப்பை மறுபடியும் பிரித்துப் போட்டுவிட்டு, அந்தப் பையனைக் கூப்பிட்டான்.